செம்மா: ஒரு தட்டு நத்தைக்கு ரெண்டு மாசம்

சாப்பாடு எப்படின்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல டேபிள் புடிச்ச கூத்து. செம்மா நியூயார்க் கிரீனிச் வில்லேஜ்ல 2021ல தொறந்த தென்னிந்திய சாப்பாட்டு கடை, 2022லயே மிஷ்லின் ஸ்டார் (உலகத்துல நல்ல ஹோட்டலுங்களுக்கு குடுக்குற பெரிய மரியாதை), அப்பவே கூட்டம்தான். 2025 ஜூன்ல செஃப் விஜய் குமார், நம்ம நத்தம்காரர், வேட்டி கட்டிட்டு மேடையேறி, அமெரிக்கால சமையலுக்கு குடுக்குற பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் அவார்ட் வாங்கினாரு, அதே மாசம் நியூயார்க் டைம்ஸ் பேப்பர் போட்ட ஊர்ல சிறந்த 100 ஹோட்டல் லிஸ்ட்ல முதல் இடம் வேற. அதுக்கப்புறம் தட்கால் டிக்கெட்டே தேவலாம்னு ஆயிடுச்சு.

புக்கிங் ரெசி ஆப்ல. நான் செஞ்ச தப்பு, நாலு பேரு, சனிக்கிழமை, ஏழு மணின்னு அடம் புடிச்சது. புது தேதி ஓப்பனாகுற நேரத்துக்கு அலாரம் வெச்சு உக்காந்தும் ஒண்ணும் கிடைக்கல, ஊரே அந்த ஒரு நேரத்ததான கேக்குது. அப்புறம் நோட்டிஃபை போட்டேன். இத வெயிட்டிங் லிஸ்ட்னு நெனச்சுடாதீங்க, ஆர்ஏசி மாதிரி வரிசையெல்லாம் கிடையாது, யாராவது கேன்சல் பண்ணா போட்டு வெச்ச நிறைய பேருக்கு ஒண்ணா மெசேஜ் போகும், மொத அமுக்குறவனுக்கு டேபிள். (ரெசி இப்ப அமெக்ஸ், அதாவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கிரெடிட் கார்டு கம்பெனியோடது, அவங்க பெரிய கார்டு வெச்சிருந்தா கொஞ்சம் முன்னுரிமை உண்டு, நமக்கு அந்த கொடுப்பினை இல்ல.) எனக்கு மொத மெசேஜ் வந்தப்போ ஜெர்சி ரயில்ல ஆத்துக்கு அடியில இருந்தேன், மேல வந்து பாத்தா போயே போச்சு.

புக் பண்ணி வெச்ச டேபிள காசுக்கு கைமாத்தி விக்கிற சைட்டுங்க பக்கம் போகாதீங்க. ஹோட்டலோட சம்மதம் இல்லாம அப்படி விக்கக்கூடாதுன்னு 2024 டிசம்பர்ல நியூயார்க்ல சட்டமே போட்டுட்டாங்க.

கடைசில எப்படி கிடைச்சுதுன்னா, ரெண்டு பேருன்னு கொறச்சேன், செவ்வா புதன்னு மாத்தினேன், நேரம் எதுவானாலும் சரின்னு விட்டேன். இந்த ஊர்ல நிறைய கடைங்க லேட்டா கேன்சல் பண்ணா கார்டுல காசு புடிப்பாங்க, அதனால மனசு மாறுறவங்க கெடு முடியறதுக்கு சத்த முன்னாடி விட்டுக் குடுப்பாங்க, அதாவது நீங்க போக நெனைக்கிற தேதிக்கு முந்தின நாள் ஃபோன கீழ வெக்காதீங்க. எனக்கு அப்படித்தான் ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு மாட்டுச்சு.

சரி சாப்பாடு. நத்தை பிரட்டல். அவர் சின்ன வயசுல வயக்காட்டுல நத்தை பொறுக்கி சாப்பிட்டத அப்படியே மெனுல வெச்சிருக்காரு, புளியும் இஞ்சியும் ஏறி, கல் தோசைல வெச்சு வாயில போட்டதும் நான் பேச்ச நிறுத்திட்டேன். பொடி தோசை நல்ல மொறுமொறு. குடல் வறுவல் வீட்டு ருசி, காரத்த வெள்ளைக்காரங்களுக்காக கொறைக்கல, பக்கத்து டேபிள்ல ஒருத்தர் தண்ணி குடிச்சுட்டே இருந்தாரு பாவம் ஆனா தட்ட விடல. விலை மன்ஹாட்டன் விலைதான், ஊர்ல அம்மாகிட்ட நத்தைக்கு எவ்ளோன்னு சொல்லல.

அடுத்த மாசம் தம்பி வரான், மூணு பேரு. மறுபடி நோட்டிஃபை போட்டாச்சு, இந்த தடவ ரயில்ல ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ ஃபோன பாத்துக்கறேன்.