பெகு சாலையில் திக்கிய கார்

பர்மாவில் 1970-லிருந்து வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் என்பதால் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். லாரியைத் தாண்ட வேண்டுமானால் ஓட்டுபவருக்கு எதிரே வருவது சரியாகத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, "போலாம்" என்று சொல்ல வேண்டும். ரங்கூனிலிருந்து பெகுவுக்குப் போகும்போது நான் அப்படிச் சொன்னேன். அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் இழுக்காமல் திக்கியது. எதிரே பஸ். பிரேக் போட்டு மறுபடி லாரிக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் அண்ணியின் நடுக்கம் நிற்கவில்லை.

இதே கோளாறுக்காக ரங்கூனில் ஒரு பட்டறையில் ஏற்கெனவே பிளக் நான்கும் மாற்றியிருந்தார்கள். அது சரிப்படவில்லை என்றதும் அடுத்து பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், அப்புறம் இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எதையும் அளந்து பார்க்கவே இல்லை. காசு போனதைவிட, இந்த வண்டியில் தைரியமாகப் போகலாம் என்று அனுப்பியதுதான் எனக்குக் கோபம்.

பெகுவில் அண்ணனுக்குத் தெரிந்த தமிழ் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டார். "ஸ்டார்ட் பண்ண உடனேயா, சூடான பிறகா? மேட்டுல கூடுதலா? வெட்டி வெட்டிப் போகுதா, இல்ல மூச்சு முட்டின மாதிரி இழுவை குறையுதாண்ணே?" வெட்டி வெட்டிப் போனால் பெரும்பாலும் பிளக், காயில் பக்கம், இழுவை மெல்ல அடங்கினால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டுமாம். எங்களுடையது இரண்டாவது வகை.

ஸ்கேனரை மாட்டினார். இன்ஜின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது என்று அதில் தெரியும். சும்மா நிற்கும்போது பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. ஓட்டிக்கொண்டு மிதித்தபோது 20-ஐத் தாண்டியது. ஹோஸ் வழியாகக் காற்று கசிந்தால் நிற்கும்போதுதான் அதிகம் காட்டுமாம். ஆகவே மிச்சம் இரண்டு: காற்றைக் குறைத்துக் காட்டும் சென்சார், அல்லது போதாத பெட்ரோல். இரண்டில் எது என்று ஊகிக்காமல் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் மாட்டினார். நிற்கும்போது அழுத்தம் 3 பார் (bar). வேகம் கூட்டியதும் 2-க்குக் கீழே விழுந்தது.

டேங்கிலிருந்து பம்பை வெளியே எடுத்தால், வடிகட்டி முழுக்கப் பழுப்புச் சேறு. அண்ணன் அவசரத்துக்கு வழியோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார். பம்ப் நன்றாகவே இருந்தது; மாற்றச் சொல்லவில்லை. டேங்கைக் கழுவி, புது வடிகட்டி போட்டு, மறுபடி கேஜை மாட்டி முள்ளை எங்களுக்குக் காட்டினார். மிதித்தாலும் 3-லேயே நின்றது. அப்புறம் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு சாலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.

கூலியும் வடிகட்டியும் சேர்த்து, ரங்கூனில் காயிலுக்கு மட்டும் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. ஊருக்கு வந்து சொந்தக்காரர் வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள், பட்டறையில் பிரஷர் கேஜ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெகுவில் கரண்ட் அடிக்கடி போகும், காலையிலேயே வண்டியை விட்டுவிடுவது நல்லது.