ஒருமைப்பாட்டுக்கு யார் விலை கொடுப்பது? அமெரிக்கச் சபைகளின் நான்கு வழிகள்

1939ஆம் ஆண்டு கான்சாஸ் சிட்டியில் அமெரிக்க மெதடிஸ்டுகள் ஒன்றுபட்டார்கள். அடிமைமுறைப் பிரச்சினையில் 1844இல் வடக்கு, தெற்கு என்று உடைந்த திருச்சபை, ஏறக்குறைய நூறாண்டுக்குப் பிறகு மீண்டும் ஒரே குடையின் கீழ் வந்தது. ஆனால் அந்த இணைப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. வெள்ளையர் சபைகள் அவை இருக்கும் பகுதியைப் பொறுத்து ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. கறுப்பினச் சபைகளோ, பெரும்பாலும் எந்த மாநிலத்தில் இருந்தாலும், ‘மத்திய மண்டலம்’ என்ற ஆறாவது மண்டலத்துக்குள் ஒதுக்கப்பட்டன. திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது கறுப்பினப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அதை எதிர்த்தார்கள். எதிர்ப்பு எடுபடவில்லை. அந்த மண்டலம் 1968 வரை நீடித்தது.

வெள்ளையர் ஒருவரோடொருவர் சேர்ந்துகொள்வதற்கான விலையைக் கறுப்பினத்தார் கொடுத்தார்கள் என்பதே இதன் சாரம். அமெரிக்கத் திருச்சபையில் இனம், நீதி, ஐக்கியம் பற்றி இன்று முன்வைக்கப்படும் வழிகளை ஒப்பிடும்போது நான் கையில் எடுத்துக்கொள்ளும் கேள்வியும் இதுதான்: இந்த வழியில் விலை கொடுப்பது யார்?

கேள்வி நவீன அரசியலிலிருந்து வந்ததல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவு உதவியில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. ‘எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்றுதானே, ஏன் பிரிவினை பேசுகிறீர்கள்?’ என்று அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தி நிர்வாகம் போய்ச் சேர்ந்தது என்று பல வேத அறிஞர்கள் வாசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இன்றைய முதல் வழி, ‘சுவிசேஷத்தை மட்டும் பிரசங்கியுங்கள், மற்றவை தானாகச் சரியாகும்’ என்பது. ஜான் மெக்ஆர்தர் போன்ற போதகர்கள் 2018இல் வெளியிட்ட அறிக்கை இதன் தெளிவான வடிவம். சமூக நீதி என்ற பெயரில் வரும் கருத்துகள் சுவிசேஷத்தையே திரித்துவிடும் என்று அது எச்சரித்தது. கறுப்பினப் போதகரான வோடி பாக்கமும் இந்தத் தரப்பில் உறுதியாக நின்றவர் என்பதால், இதை வெள்ளையரின் தந்திரம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. பாவம் மனிதனின் இருதயத்தில் இருக்கிறது, சட்டத்தால் அன்பை உண்டாக்க முடியாது என்ற இவர்களுடைய வாதத்தில் உண்மை உண்டு. 1953இல் சட்டனூகா நகரக் கூட்டத்தில் வெள்ளையரையும் கறுப்பினத்தாரையும் பிரிக்கக் கட்டியிருந்த கயிற்றைப் புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரகாம் தம் கையாலேயே அவிழ்த்தார். இருதயம் மாறினால் கயிறு அவிழும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் கிரகாம் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, கயிறு தானாக அவிழும் என்று காத்திருக்கவில்லை. கயிற்றைத் தொட்டார். இந்த வழியின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மைக்கேல் எமர்சன், கிறிஸ்டியன் ஸ்மித் என்ற இரு சமூகவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகப் பிடித்தது. வெள்ளை இவாஞ்சலிக்கல் விசுவாசிகள் இனப் பிரச்சினையைத் தனி மனிதர்களுக்கு இடையிலான மனக்கசப்பாகவே பார்க்கிறார்கள். வீடு, பள்ளி, வேலை, கடன் ஆகியவற்றில் ஊறிப்போன ஏற்பாடுகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்றது அந்த ஆய்வு. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தை இங்கே நினைக்க வேண்டும். அது இனவெறிக் கும்பலுக்கு எழுதப்பட்டதல்ல. போராட்டம் காலத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதத் தலைவர்களுக்கு எழுதப்பட்டது. அவர்கள் நல்லவர்கள்; பொறுமையை உபதேசித்தவர்கள். பொறுமையின் விலையைக் கொடுக்க வேண்டியிருந்ததோ வேறு ஆட்கள். நான்கு வழிகளில் இதைத்தான் மிகப் பலவீனமானது என்று கருதுகிறேன்.

இதற்கு நேர் எதிரே நிற்கும் இரண்டாவது வழி, கறுப்பினத்தாரின் தனிச் சபை. பிரிவினைக்கு உதாரணமாக இதைச் சுட்டுகிறவர்கள் அது பிறந்த கதையைப் படிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் புதிதாக மேல்மாடம் கட்டினார்கள், தரை போட்டார்கள். அதற்குக் கறுப்பின விசுவாசிகளும் தாராளமாகப் பணம் கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு, ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, முழங்காலில் இருந்த அப்சலோம் ஜோன்ஸை ஆலயப் பொறுப்பாளர் ஒருவர் பிடித்துத் தூக்கினார். இந்த இடம் உனக்கில்லை என்றார். ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் கேட்டுப் பார்த்தார். பிடி விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தார் எல்லாரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள். இதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்த ரிச்சர்ட் ஆலன், அடிமையாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தால் தம் விடுதலையை வாங்கியவர். ஒரு கொல்லர் பட்டறையை விலைக்கு வாங்கி, இழுத்து வந்து நிறுத்தி, 1794இல் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார்.

வெளியேறிய பிறகும் வெள்ளை மெதடிஸ்டுகள் விடவில்லை. பெத்தேலின் பிரசங்க பீடமும் சொத்தும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்றார்கள். தாங்களே கட்டிய ஆலயத்தை ஏலத்தில் பத்தாயிரம் டாலருக்கும் மேல் கொடுத்து ஆலன் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. நீதிமன்றத்தில் வென்ற பிறகு, 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை தனிப் பிரிவாக உருவானது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் தனிச் சபை ஐக்கியத்தை முறித்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறித்தவர்கள் முழங்காலில் இருந்தவரைத் தூக்கியவர்கள். அன்றிலிருந்து அந்தச் சபைகள் பள்ளி நடத்தின, கல்லூரி கட்டின, தலைவர்களை வளர்த்தன. காணிக்கைப் பணம் எங்கே போக வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்தன. எருசலேமில் ஏழு பேருக்குக் கிடைத்த பொறுப்பு இங்கே யாரும் கொடுக்காமல் எடுத்துக்கொள்ளப்பட்டது. குறை ஒன்று உண்டு. காயப்பட்டவர்கள் தனியே குணமாகலாம். காயப்படுத்தியவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. அவர்கள் ஞாயிறு காலை நிம்மதியாகப் பாடிக்கொண்டிருக்கலாம்.

குடியேறியவர்களின் மொழிச் சபைகளும் இந்த வரிசையில் வருகின்றன. கொரியர், ஸ்பானிய மொழி பேசுவோர், மலையாளிகள், ஏன், நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் தமிழ் ஆராதனை நடத்தும் நம்மவர்களும் இப்படித்தான் கூடுகிறார்கள். தாய்மொழியில் ஜெபிக்கும் உரிமையை நமக்கு இயல்பாக எடுத்துக்கொண்டு, கறுப்பினச் சபையை மட்டும் பிரிவினைவாதம் என்று பேசும் தமிழ் விசுவாசிகளை நான் பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை.

மூன்றாவது, பல இனச் சபை. மேடையில் பல நிறம், பாடலில் பல மொழி, பந்தியில் பல உணவு. வெளிப்படுத்தின விசேஷம் ஏழாம் அதிகாரத்தின் காட்சியை இப்போதே வாழ்ந்து பார்க்கும் ஆசை. ஆசை உயர்ந்தது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எந்த ஓர் இனமும் 80 சதவீதத்தைத் தாண்டாத சபையைப் பல இனச் சபை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியச் சபை ஆய்வின்படி 1998இல் அப்படிப்பட்டவை 6 சதவீதம்; இருபது ஆண்டுகளில் 16 சதவீதமாக உயர்ந்தன.

இந்த உயர்வு எப்படி வந்தது என்பதே எனக்கு முக்கியம். பெரும்பாலும் மற்ற இனத்தார் வெள்ளையர் சபைகளுக்குள் வந்ததால் வந்தது. கறுப்பினப் போதகரின் கீழ், கறுப்பின மூப்பர்களின் முடிவுக்குக் கட்டுப்பட்டு உட்காரப் போன வெள்ளையர் மிகக் குறைவு. வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பாட்டை, பிரசங்க நடையை, ஆராதனை நேரத்தின் நீளத்தைக்கூட வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். காவல்துறையின் துப்பாக்கிக்கு ஒரு கறுப்பின இளைஞன் பலியான வாரத்தில் அவனுக்காக ஜெபிக்கக்கூடத் தயங்கும் மேடையைப் பார்த்து, 2016ஐ ஒட்டிய ஆண்டுகளில் பலர் சத்தமில்லாமல் அந்தச் சபைகளை விட்டுப் போனார்கள்.

அதற்காக இந்த வழியே பொய் என்று ஆகிவிடாது. கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் சபை ஒரு முன்மாதிரி. 1935இல் அவர் இலங்கைக்கு வந்தபோது கொழும்புச் சட்டக் கல்லூரியில் ஒருவர் அவரிடம் நேராகவே கேட்டார்: உங்கள் மூதாதையரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், அதை வேத வசனத்தால் நியாயப்படுத்தியவர்கள் போதகர்கள், பிறகும் நீங்கள் எப்படிக் கிறிஸ்தவராக இருக்கிறீர்கள்? கிறிஸ்தவம் செய்தது வேறு, ஒடுக்கப்பட்ட யூத இனத்தில் பிறந்த இயேசுவின் மார்க்கம் வேறு என்பது தர்மனின் பதில். அந்தப் பயணம் அவரை இந்தியாவில் காந்தியிடமும் கொண்டு சென்றது. அமெரிக்கா திரும்பியவர், 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆல்பிரட் ஃபிஸ்க் என்ற வெள்ளைப் போதகருடன் சேர்ந்து எல்லா மக்களுக்குமான சபையைத் தொடங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர், வெள்ளையர் ஒருவர், இருவரும் இணைப் போதகர்கள். கூட்டத்தில் நிறம் கலப்பதற்கு முன்பே பீடத்தில் அதிகாரம் கலந்திருந்தது. இன்று நிறம் கலந்த பல சபைகளில் இந்த அதிகாரக் கலப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

நான்காவது வழி அறிக்கையிடுதலும் ஈடு செய்தலும். தென் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற சபைக் கூட்டமைப்பு, அடிமை வைத்திருப்பவர்கள் மிஷனரியாகப் போகலாம் என்ற உரிமைக்காகவே 1845இல் பிறந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2018இல் அதன் லூயிவில் இறையியல் கல்லூரி தன் நிறுவனர்கள் நால்வரும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார்கள் என்று தானே ஆராய்ந்து வெளியிட்டது. நேர்மையான வேலை. அடுத்த ஆண்டு, அதே நகரில் உள்ள கறுப்பினக் கல்லூரிக்குச் சொத்தில் ஒரு பங்கு கொடுங்கள் என்று உள்ளூர்ப் போதகர்கள் கேட்டபோது மறுத்துவிட்டது. வர்ஜீனியா இறையியல் கல்லூரி வேறு மாதிரி நடந்துகொண்டது. 2019இல் 17 லட்சம் டாலரை நிதியாக ஒதுக்கி, அங்கே அடிமைகளாகவும் பின்னர் ஒடுக்குமுறைக் காலத்தில் கூலிகளாகவும் வேலை செய்தவர்களின் வாரிசுகளைத் தேடிப் பிடித்து, 2021 முதல் ஆளுக்குச் சுமார் 2,100 டாலர் கொடுக்கத் தொடங்கியது. தொகை சிறியது. ஆனாலும் பெயர் பெயராகத் தேடிக் கொடுத்த பணம். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவன் சகேயுவை எடுத்துப் பிரசங்கிக்க அந்தக் கல்லூரிக்கு ஓரளவாவது தகுதி இருக்கிறது. என்றாலும், காசோலை அனுப்பிவிட்டு ஒரே பந்தியில் உட்காராமலே இருந்துவிடவும் முடியும். ஈடு செய்வது உறவாகிவிடாது.

மூன்றையும் நான்கையும் ஒரே வாழ்க்கையில் சேர்த்துக் காட்டியவர் கறுப்பினப் போதகர் ஜான் பெர்கின்ஸ். மிசிசிப்பியில் பிறந்தவர், அண்ணனைக் காவல்துறையின் குண்டுக்குப் பறிகொடுத்தவர், 1970இல் பிராண்டன் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். அதன் பிறகும் வெள்ளையரை வெறுக்க மறுத்தார். அவருடைய திட்டத்தில் மூன்று அம்சங்கள்: ஏழைகள் வாழும் பகுதிக்கே குடிபெயர்வது, ஒப்புரவாவது, வளத்தைப் பங்கிடுவது. இவாஞ்சலிக்கல் மேடைகள் இரண்டாவதை ஆவலோடு எடுத்துக்கொண்டன. முதலாவதைச் சிலர் முயன்றார்கள். மூன்றாவதைக் கைதட்டலோடு கடந்து போனார்கள்.

என் தேர்வு பெர்கின்ஸின் பக்கம். அது கிடைக்காத ஊரில், பல இனம் என்று விளம்பரம் செய்யும் சபையைவிட, கறுப்பினப் போதகரின் கீழ் இருக்கும் பழைய சபையில் புதியவராகப் போய் உட்காருவதை நம்மவர்களுக்குப் பரிந்துரைப்பேன். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம். பல இனச் சபையில் சேரத்தான் போகிறீர்கள் என்றால், பாடல் குழுவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூப்பர் குழுவில் யார் இருக்கிறார்கள், காணிக்கைக் கணக்கில் யார் கையெழுத்திடுகிறார்கள், வருத்தத்தோடு வெளியேறிய விசுவாசிகளிடம் காரணம் கேட்கப்பட்டதா என்று விசாரியுங்கள். இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் போதகர் கிடைத்தால் அங்கேயே இருங்கள்.