திருப்பாவை கலரிங் புத்தகம்: ரூ.2,850 போச்சு, 27ஆம் பாசுரம் வரவே இல்லை

இந்தப் புத்தகத்தை விற்றவர்கள் நேற்று ராத்திரி என்னை பிளாக் செய்துவிட்டார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வீடு திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயில் நாலு தெரு தள்ளித்தான். ஆனாலும் இந்த மார்கழியில் விடிகாலை போக முடியாது என்று ஒரே புலம்பல். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம், திருப்பாவைக்கு 30 படம், நாளுக்கு ஒன்று. சமூக வலைதளத்தில் கைவினைப் பொருள் விற்கிற ஒரு பக்கம். 150 ஜிஎஸ்எம் தடித் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, கூடவே 72 ஆயில் கலர் பென்சில். எல்லாம் சேர்த்து ரூ.2,850, பணம் முன்கூட்டியே.

விலையைப் பார்த்துத் தயங்கினேன். உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, அம்மாவுக்குன்னு சொல்றீங்க, உங்ககிட்ட லாபம் பாப்பேனா? எங்களுக்கு இது கைங்கர்யம் மாதிரி." சின்னப் பெண்ணின் குரல். பின்னால் சுப்ரபாதம் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் 4 மணிக்கு யார் வீட்டில் சுப்ரபாதம் போடுகிறார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜிபேயில் அனுப்பிவிட்டேன், ரூ.2,850.

பார்சலைப் பிரித்ததும் அம்மா முதல் படத்தை உற்றுப் பார்த்தாள். "ஏண்டி, ஆண்டாளுக்குக் கிளி எந்தக் கையில இருக்கும்?" இடது கையில். இதில் வலது கையில். யாருடைய படத்தையோ எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். 26ஆம் பாசுரத்துக்கு அடுத்து 28. நடுவில் 14ஆம் படமே மறுபடியும். 27ஆம் பாசுரம் பாடுகிற கூடாரவல்லி அன்றைக்கு அக்காரவடிசல் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்துக்கு வண்ணம் அடிப்பது?

தாளின் இரண்டு பக்கமும் அச்சு. ஓரத்தில் ஸ்கெட்ச் பேனா வைத்துப் பார்த்தேன், பின்பக்கத்துப் பாசுரம் வரை ஊறிவிட்டது. பைண்டிங்கோ தானாகவே கழன்றது. அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், அதன் எடை எத்தனை கிராமோ அத்தனை ஜிஎஸ்எம். 16 தாளையும் சமையலறைத் தராசில் வைத்தேன். 73 கிராம். ஜெராக்ஸ் தாள்!

பென்சிலைச் சீவச் சீவ முனை உடைகிறது. அழுத்தித் தீட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினால் மெழுகாக உருள்கிறது. 72 நிறமாம், அதில் நாலு பச்சை ஒரே பச்சை.

கேட்டால் முதல் நாள், "கொரியர்ல மாறிப்போச்சுக்கா, புதுசு அனுப்பறோம்." மூன்றாம் நாள், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது மேடம்." அக்கா மேடமானதைக் கவனியுங்கள். அதற்கப்புறம் நீல டிக் மட்டும். ரூ.2,850ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று நேற்று ஐந்தாவது தடவை எழுதினேன். பிளாக்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். வருகிறதா பார்ப்போம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் என்றால் ஒரு பக்க அச்சும் தடித் தாளும் இல்லாமல் வாங்காதீர்கள். பென்சிலை ஒன்றிரண்டு உதிரியாக வாங்கித் தீட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் செட்டுக்குப் போங்கள். சாமி பெயரைச் சொல்லி விலை பேசுகிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேளுங்கள்.

மார்கழி பிறக்க இன்னும் இரண்டே நாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குக் கிளம்புகிறேன். தடித் தாள் வாங்கி வந்தால் கோலப் புள்ளி வைத்துத் தானே வரைந்துகொள்வதாக அம்மா சொல்கிறாள்.