குட்டி யானைக்கு ஒன்று, ஃபைபர் போட்டுக்கு ஒன்று

பழைய வண்ணாரப்பேட்டையில் சரக்கு ஏற்றி மணலி, எண்ணூர், செங்குன்றம் கடைகளில் இறக்குவது என் பிழைப்பு. வண்டி குட்டி யானை, அதாவது டாடா ஏஸ். மச்சான் காசிமேட்டில் மீன்பிடிக்க ஃபைபர் போட்டு, அதாவது ஃபைபர் படகு, வைத்திருக்கிறார். எந்த ஜிபிஎஸ் நல்லது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் தேடத் தொடங்கினோம். வாங்கியது வேறு வேறு.

வடசென்னையில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ரயில்வே கேட், சுரங்கப்பாதை, துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள், இந்த மூன்றும்தான் நேரத்தைத் தின்னும். அதனால் தெரு பெயர் தெரிகிறதா என்று நான் பார்க்கவில்லை. நெரிசல் முன்கூட்டியே தெரிகிறதா என்றுதான் பார்த்தேன்.

அந்த வகையில் கூகுள் மேப்ஸை மிஞ்ச ஆளில்லை. சாலையில் போகிறவர்களின் போன் நகரும் வேகத்தை வைத்தே நெரிசலைக் காட்டுகிறது. மேம்பாலத்தில் ஏறவா, கீழே போகவா என்று சொல்லும் வசதியும், கார் நுழையக் கஷ்டமான குறுகிய தெருவைத் தவிர்க்கும் வசதியும் 2024-ல் சென்னைக்கு வந்தன. ஆனால் ஒரு பயணத்தில் ஒன்பது நிறுத்தம்தான் சேர்க்கலாம், நாம் போட்ட வரிசையை அது மாற்றியும் தராது. பத்துக் கடையை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். இதற்கென்றே வழி திட்டமிடும் மென்பொருள்கள் இருக்கின்றன, மாதச் சந்தா கட்ட வேண்டும். எந்தக் கடைக்காரர் மதியம் ஷட்டரை இறக்குவார் என்பதை அதற்கும் நாம்தான் சொல்லித் தர வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுக் கடை போகிறவனுக்கு அது தேவையில்லை.

மேப்பில்ஸ் செயலி நம்ம நாட்டு மேப்மைஇந்தியா நிறுவனத்துடையது. வேகத்தடையை முன்னாடியே எச்சரிக்கிறது. முட்டை ஏற்றிப் போகிற நாளில் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு எழுத்துக் குறியீடு உண்டு, கதவு எண் குழப்பமான சந்துகளுக்கு நல்லது. என்ன, எதிரில் இருப்பவருக்கும் அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

உயரமாக லோடு கட்டுபவர்களுக்கு ஓஎஸ்எம்ஆண்ட் செயலி. வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் வேண்டாம். லாரி என்று தேர்ந்தெடுத்து வண்டியின் உயரத்தைக் கொடுத்தால் தாழ்வான பாலத்தை விட்டு வழி தேடும். ஆனால் அந்தப் பாலத்தின் உயரத்தை யாராவது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது அந்தச் செயலி பயன்படுத்தும் பொது வரைபடத்தில், பதிந்திருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் நாமே பதியலாம்.

மழை என்றால் எதையும் நம்பாதீர்கள். ஒருமுறை ஒரு செயலி சொன்னதைக் கேட்டு வியாசர்பாடிப் பக்கம் சுரங்கப்பாதை வாசல்வரை போய், முட்டியளவு தண்ணீரைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற பைக்குகளையெல்லாம் நகரச் சொல்லி ரிவர்ஸ் எடுத்தேன். அன்றிலிருந்து மழை நாளில் டீக்கடையில் கேட்டுவிட்டுத்தான் இறங்குவது.

சரி, மச்சான் கதை. "டவர் இல்லாத கடலில் போன் ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்றார். அது தப்பு. சிக்னல் வருவது செயற்கைக்கோளிலிருந்து. டவர் இல்லையென்றால் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். இருந்தாலும் அவர் தனிக் கருவி வாங்கியதுதான் சரி. ஈரக் கையில் தொடுதிரை மக்கர் பண்ணும், பொத்தான் பண்ணாது. வெயிலில் போன் திரை மங்கிவிடும். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றவை இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும், தீர்ந்தால் வேறு இரண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. மச்சான் மீன் கிடைக்கும் இடங்களைக் குறித்து வைப்பது டிகிரி, நிமிடக் கணக்கில். கூகுள் மேப்ஸ் காட்டுவது தசமத்தில். அறுபது நிமிடம் ஒரு டிகிரி, அதனால் 13 டிகிரி 07.5 நிமிடம் என்பது 13.125. அதை 13.075 என்று தட்டினால் ஐந்தரை கிலோமீட்டர் தெற்கே, எழும்பூருக்கு நேராகப் போய்விடும். கருவியில் அமைப்பை மாற்றிவிடலாம், ஒரு நிமிட வேலை. மச்சான் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்: அவருடைய நோட்டில் இருக்கும் பழைய பாயிண்ட் எல்லாம் நிமிடத்தில் இருக்கிறதாம்.