டஸ்கீகி மோட்டன் ஃபீல்ட்: முதல் ஹேங்கரை அவசரமாகக் கடக்காதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின விமானிகள் ஆரம்பப் பயிற்சி பெற்ற விமானதளம் மோட்டன் ஃபீல்ட். அலபாமாவில் 85ஆம் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையின் 38ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் பக்கம்தான். தேசியப் பூங்காச் சேவை நடத்துகிறது, கட்டணம் இல்லை. திறந்திருக்கும் நாட்களை மட்டும் அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வருகிறவர்களில் பலர் இரண்டாம் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) கூரையிலிருந்து தொங்கும் சிவப்பு வால் முஸ்டாங் போர்விமான மாதிரியைத்தான் தேடுகிறார்கள். அது ஐரோப்பியப் போர்முனைக்கான விமானம். இங்கே மாணவர்கள் தொட்டது ஸ்டியர்மேன் என்ற பயிற்சி விமானம். முதல் ஹேங்கரில் நிற்கும் அந்த இரட்டை இறக்கை விமானத்தைச் சுற்றிவந்து பாருங்கள்: 220 குதிரைத்திறன், ஏழு சிலிண்டர். தரைப் பணியாளர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, எஞ்சினைக் கிளப்பும் சுழல்சக்கரத்துக்கு வேகம் ஏற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கும். மூக்கு மேலே தூக்கி நிற்பதால் தரையில் ஓடும்போது முன்னால் எதுவும் தெரியாது. வளைந்து வளைந்துதான் ஓட்ட வேண்டும். முன் சக்கரங்கள் நெருக்கமானவை. இறங்கியதும் கால் மிதி சற்றுத் தளர்ந்தால் வால் சுழன்று, கீழ் இறக்கையின் நுனி தரையில் உரசும். ஆசிரியர் பேசுவது ரப்பர் குழாய் வழியாக மாணவர் காதுக்குப் போகும். மாணவர் அதில் பதில் சொல்ல முடியாது. ஆரம்பப் பயிற்சி சுமார் 60 மணி நேரம். பலர் இந்தக் கட்டத்திலேயே கழிக்கப்பட்டார்கள்.

கறுப்பினத்தவரால் போர்விமானம் ஓட்ட முடியாது என்று சொல்லப்பட்ட காலம் அது. 1941 மார்ச்சில் அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் டஸ்கீகிக்கு வந்து, ஆசிரியர் சார்லஸ் ஆண்டர்சன் ஓட்டிய விமானத்தில் பறந்தார். எலினோர் அறங்காவலராக இருந்த ரோசன்வால்ட் நிதியம் கொடுத்த 1,75,000 டாலர் கடனில்தான் இந்தத் தளம் எழுந்தது. அந்த ஜூலையில் சேர்ந்த முதல் வகுப்பினர் 13 பேர். 1942 மார்ச்சில் விமானி இறக்கைச் சின்னம் பெற்றவர்கள் 5 பேர், பின்னாளில் இவர்களின் தளபதியான பெஞ்சமின் டேவிஸ் உட்பட. 1946 வரை டஸ்கீகியில் தேறிய விமானிகள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அடுத்த கட்டப் பயிற்சிகள் இங்கே நடக்கவில்லை. சில மைல் தள்ளி இருந்த ராணுவ விமானதளத்தில் நடந்தன. கான்கிரீட் ஓடுபாதைகள் அங்கேதான் இருந்தன. இங்கே அன்று புல்தரை மட்டுமே.

வாகன நிறுத்தத்தின் பார்வை மேடையில் தொடங்குங்கள். தளத்தின் அமைப்பு அங்கிருந்து புரியும். பிறகு 2008இல் திறந்த முதல் ஹேங்கர், அதன்பின் 2012இல் திறந்த இரண்டாவது. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பாதியை ஸ்டியர்மேனுக்குக் கொடுங்கள்.