எம்ஜிபி ஜிடியில் துரு வேலை: பல குளிர்காலம் ஓட்டிய பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை

பழைய காரில் துரு வேலை முடித்த அன்றைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டு நிறுத்தினால் இத்துப்போன வண்டிகூடப் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். வேலை உண்மையில் எப்படி நடந்தது என்று தெரிய இங்கிலாந்தில் இரண்டு மூன்று குளிர்காலமாவது போக வேண்டும். என் 1972 எம்ஜிபி ஜிடி அதைத் தாண்டியே வந்துவிட்டது. அதனால் எந்தப் பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் இப்போது கொஞ்சம் தைரியமாகப் பதில் சொல்ல முடிகிறது. காசைத் தகட்டிலும் மெழுகிலும் போடுங்கள். டப்பாவில் வரும் அதிசய மருந்துகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குச் செலவே இல்லை.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு: எம்ஜிபி என்பது எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1962-லிருந்து 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் அபிங்டனில் தயாரானது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். கூரை வைத்த ஜிடி 1965-இல் வந்தது. இதற்கு முந்தைய எம்ஜிஏவுக்குத் தனி சேஸிஸ் உண்டு. எம்ஜிபிக்குக் கிடையாது, உடலே சேஸிஸ். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டிக் கட்டுதான் வண்டியின் முதுகெலும்பு. அது அரித்துப்போனால் கதவு சரியாக மூடாது. அதற்கு மேலும் விட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஆகவே இந்தக் காரில் சில்லில் வரும் துருவை அழகுப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே துருவுக்குப் பெரிய துணை சாலை உப்பு. செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் பழுப்பு நிறக் கல்லுப்பைப் பனி உறையும் என்று தெரிந்த இரவுகளில் லாரியில் தூவிக்கொண்டே போவார்கள். அது கரைந்து சேறோடு சேர்ந்து வண்டியின் அடியில் எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். தகட்டோடு தகடு சேரும் மடிப்புகளுக்கு எதிரி இதுதான். ஸ்பாட் வெல்டு (புள்ளிபுள்ளியாக வைக்கும் வெல்டு) போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில் அந்தக் காலத்தில் பெயிண்டே போகவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டால் லேசில் காயாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் மடிப்பை உள்ளிருந்தே நெம்பித் திறக்கும். மடிப்பு திறந்தால் இன்னும் தண்ணீர் போகும்.

நான் வாங்கியபோது வண்டி பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. முந்தைய உரிமையாளருக்காக ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப் பழைய சில்லின் மேலேயே இன்னொரு தகட்டைப் போர்த்தி வெல்டு வைத்து, அதற்கு மேல் கருப்புத் தாரைக் கொட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் முன்பக்கம் டங் டங் என்று வந்த சத்தம் பின் சக்கரத்தை நெருங்க நெருங்க டொப் டொப் என்று மாறியது. காந்தத்தை வைத்தால் சில இடங்களில் ஒட்டவே இல்லை. அங்கெல்லாம் பட்டி, ஃபைபர் கிளாஸ், ஒரு இடத்தில் செய்தித்தாள். இதெல்லாம் தெரிந்து, விலையை அதற்கேற்றபடி பேசித்தான் வாங்கினேன்.

வெளித் தகட்டை கிரைண்டரால் அறுத்து எடுத்ததும் இந்தக் காரின் சூட்சுமம் கண்ணுக்குத் தெரிந்தது. சில் என்பது ஒரு தகடு இல்லை. வெளியே ஒன்று, உள்ளே தளத்தோடு சேரும் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி ஒன்று, அடியில் கோட்டைச் சுவரின் பற்களைப் போல வெட்டுவெட்டாக இருக்கும் காஸில் ரெயில். உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்கும் காற்று போய் வருவதற்கும் அந்தப் பற்களின் இடைவெளிகள்தான் வழி. போர்த்திய தகடும் தாரும் அந்த வழியை முழுக்க அடைத்திருந்தன. நடுத் தகடு கீழ்ப்பாதியில் கையால் தொட்டாலே உதிர்ந்தது. ஆனால் மேல்பாதியில் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. ஒரே தகடு, ஒரே வயது. தண்ணீர் நின்ற உயரத்தைக் கோடு போட்டுக் காட்டியது போல அந்த எல்லை. இதைப் பார்த்த பிறகு எந்தத் துரு மருந்து விளம்பரமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அறுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. பெட்ரோல் டேங்கை இறக்கிவிடுங்கள், பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டியை முன் கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்திலும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களிலும் தாங்கல் கொடுத்து, சாலையில் நிற்கும் வாகிலேயே நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுவது. கூரை இல்லாத ரோட்ஸ்டர் என்றால் கதவு வாயின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்யாமல் கை வைக்கவே கூடாது. ஜிடிக்குக் கூரை இருப்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் கதவை மாட்டி மாட்டி இடைவெளியைப் பார்த்துக்கொண்டே போனேன். வெல்டு வைத்து முடித்த பிறகு கதவு உரசினால் அதற்கு மருந்து கிடையாது.

தகடு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளை மீட்டெடுத்து 1988-லிருந்து எம்ஜிபிக்கு முழு பாடியே செய்கிறது. தனித்தனித் தகடுகளும் அங்கிருந்து வருகின்றன. ஒரு பக்கத்துக்கு அதைப் போட்டேன். மறுபக்கத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று விலை குறைந்த வெளித் தகடு ஒன்றை வரவழைத்தேன். அதன் வளைவு கதவின் அடிவிளிம்போடு சேரவே இல்லை. மடக்கி, தட்டி, சுருக்கிப் பொருத்தப் போன நேரத்தைக் கணக்குப் பார்த்தால் விலை உயர்ந்ததுதான் மலிவு. இப்போதும் அந்தப் பக்கத்தை மாலை வெயிலில் ஓரமாகப் பார்த்தால் கோடு லேசாக அலைபாயும். பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வெல்டிங்குக்கு மிக் மெஷின் (கம்பியை ஊட்டிக்கொண்டே உருக்கி ஒட்டும் மெஷின்), 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கனோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டில் ஒரே இழுப்பாக இழுத்தால் ஓட்டை விழும், இல்லையென்றால் தகடு அப்பளமாகிவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று தாண்டித் தாண்டி வைத்து, சூடு தணிந்த பிறகு இடைவெளியை நிரப்புவதுதான் வழி. தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் மேல் தகட்டில் துளை போட்டு அந்தத் துளையை நிரப்பினேன். மேல் விளிம்பை ஒரு படி மடித்து அடுக்கி வெல்டு வைப்பது சுலபம். ஆனால் அந்த அடுக்கு மறுபடியும் ஒரு மடிப்பு. முடிந்த இடமெல்லாம் விளிம்போடு விளிம்பு முட்டவைத்துத்தான் சேர்த்தேன். அடுக்காமல் முடியாத ஒன்றிரண்டு இடங்களில்தான் இன்றைக்கு மெல்லிய பழுப்புக் கோடு எட்டிப் பார்க்கிறது.

இனி மருந்துகள். துருவைக் கருப்பாக மாற்றும் டானின் வகை திரவத்தைத் தகட்டை வெட்ட மனம் வராத இடங்களில் பயன்படுத்தினேன்: சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் பெட்டி, பூட் (டிக்கி) அடியில் சில பிராக்கெட்டுகள். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு, உதிரும் துரு முழுவதையும் எடுத்து, குழிகளில் ஒட்டியிருந்ததன் மேல் மட்டும் அடித்த இடங்கள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. பிரஷ் சரியாகப் போக முடியாத மூலைகளில் இரண்டாவது குளிர்காலத்திலேயே அடியிலிருந்து கிளம்பிவிட்டது. மேலே கருப்பு, கீழே செதில். அதாவது நல்ல வேலைக்குத் துணை நிற்கும், வேலைக்குப் பதிலாக நிற்காது. துருவின் மேலேயே நேராக அடிக்கலாம் என்று சொல்லும் கெட்டிக் கருப்புப் பெயிண்ட் ஒன்றையும் அடித்துப் பார்த்தேன். சொரசொரப்பான இடத்தில் கல்லாகப் பிடித்திருக்கிறது. வழவழப்பான புதுத் தகட்டில் ஓரத்தை நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்து வந்தது.

சின்ன பாகங்களுக்கு மின்சார வழி எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பழைய இரும்புக் கம்பி ஒன்று, பேட்டரி சார்ஜர். எதிர்முனை பாகத்தில், நேர்முனை கம்பியில். ராத்திரி வைத்தால் காலையில் துரு சேறாகக் கழன்றுவிடும், நல்ல இரும்பு கரையாது. ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த இடத்தில் வையுங்கள். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஸ்பிரிங், உயர்வலிமை போல்ட் இவற்றை இதில் போட வேண்டாம், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் ப்ரைமரில் எபாக்ஸி என்ற பிசின் வகைக்குத்தான் என் ஓட்டு. சாதாரண ப்ரைமரும் பட்டியும் ஈரத்தை உள்ளே விடும். வெறும் தகட்டில் முதலில் எபாக்ஸி, அதற்கு மேல்தான் பட்டி. இந்த வரிசையில் செய்த எந்த இடத்திலும் இதுவரை கொப்புளம் வரவில்லை.

மொத்த வேலையிலும் அதிகம் பலன் கொடுத்தது உள்மெழுகுதான், அதாவது பெட்டிக் கட்டுகளுக்குள் அடிக்கும் துருத் தடுப்பு மெழுகு. சில்லுக்குள், தூண்களுக்குள், கதவுக்குள், முன்பக்க நீளச் சட்டங்களுக்குள் நீளக் குழாய் விட்டு அடிக்க வேண்டும். வெயில் நாளில், மெழுகை வெதுவெதுப்பாக்கி அடித்தால் மடிப்புக்குள் ஊறி இறங்கும். குளிரில் அடித்தால் கெட்டியாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு மடிப்பை எட்டாது. அடித்து முடித்ததும் வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாமே அணை கட்டிய கதைதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போனோடு இணையும் சின்ன கேமராவைத் துளை வழியாக விட்டுப் பார்த்து, காய்ந்த இடத்துக்கு மறுபடி அடிக்கிறேன். தார் மாதிரியான கெட்டிப் பூச்சு வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெழுகு இளகியே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. குறை என்றால் வாடைதான். முதல் கோடையில் வண்டிக்குள் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

சரி, தண்ணீர் வழிகளுக்கு வருகிறேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடும் அதன் ஓரத்தில் ரப்பரும் உண்டு. அந்த ரப்பர் போனால் சேறு முழுக்க ஃபெண்டருக்கும் (சக்கரத்தின் மேல் வரும் வெளித் தகடு) கதவுத் தூணுக்கும் நடுவில் போய் நிரம்பும். சில்லின் முன்நுனி அரிப்பதற்குக் காரணம் அதுதான். முன் ஃபெண்டர் போல்டில் நிற்பதால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். நான் கழற்றியபோது உள்ளே தொட்டிச் செடி வைக்கும் அளவுக்கு மண் இருந்தது. இன்னொன்று ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் வாய். கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் அந்த ஜாலிக்குள் விழும் மழை ஒரு ரப்பர் குழாய் வழியாக கியர்பாக்ஸ் பக்கம் இறங்க வேண்டும். இலை மக்கி அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டில் இறங்கும். பலர் கண்ணாடி ரப்பரைத் திட்டிப் புது ரப்பர் போடுவார்கள், தளம் மறுபடியும் நனையும். இலையுதிர்காலம் முடிந்ததும் அந்தக் குழாயை ஒருமுறை ஊதிவிடுங்கள்.

ஈரத்தோடு வந்த வண்டியைக் காற்றோட்டம் இல்லாத கராஜில் பூட்டி வைப்பது நல்லதில்லை. உப்பும் ஈரமும் மிதமான சூடும் சேர்ந்தால் துருவுக்கு அதைவிட வசதி கிடையாது. அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கதவுகளைத் திறந்து வைத்து, ஃபேன் போட்டுக் காயவிட்டால் போதும்.

நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு இங்கே 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எனக்கு அந்தச் சலுகை பிடிக்கவில்லை. நானாகவே வருடாவருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். வேறொருவர் லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, சில்லைத் தட்டிப் பார்ப்பது நம் வேலையை நாமே மெச்சிக்கொள்வதைவிட மேல். இதுவரை சில்லிலும் தளத்திலும் ஒன்றும் சொல்லவில்லை. இடது பின் சக்கர வளைவில் மட்டும் கொப்புளம் வந்திருக்கிறது. அங்கே உள்வளைவும் வெளிவளைவும் சேரும் விளிம்பை மட்டும் மாற்றியிருந்தேன், முழுத் தகடு என்றால் பின்பக்கம் மொத்தமும் அறுக்க வேண்டியிருந்திருக்கும். இத்தனை வருடம் தாங்கியதே லாபம். அடுத்த கோடையில் அதை வெட்டிவிடலாம்.

அதற்கு முன்னால் டேங்க். முழுக்க நிரப்பினால் மட்டும் பூட்டில் லேசாகப் பெட்ரோல் வாடை வருகிறது, பாதிக்குக் கீழே இருந்தால் வருவதில்லை. எம்ஜிபி டேங்க் பூட் தளத்தின் அடியிலேயே ஒட்டி நிற்கிறது. நடுவில் உள்ள இடுக்கில் ஈரச் சேறு தங்கி, டேங்கின் மேல்பக்கத்தில்தான் ஊசித்துளை விழும். பழைய டேங்கில் வெல்டு வைக்கும் விஷப் பரீட்சையெல்லாம் வேண்டாம் என்று புதிதாகவே வாங்கியாகிவிட்டது. மேல்பக்கம் எபாக்ஸியும் மெழுகும் அடித்துக் காய வைத்திருக்கிறேன். பழையதை இறக்கும்போது பூட் தளத்தின் அடியும் தெரியும், அங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.