கோப்பினைப் படித்துவிட்டுப் பேசுகிறவரைத் தேடுங்கள்: அமெரிக்க முன்னாள் படைவீரர் இழப்பீட்டில் மூன்று பிரதிநிதிகளுடன் என் அனுபவம்

அமெரிக்கப் படையில் பணியாற்றி விடைபெற்ற ஒருவர், பணிக்காலத்தில் ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ இழப்பீடு கேட்டுப் படைவீரர் விவகாரத் துறையிடம் விண்ணப்பிக்கும்போது, யாருடைய துணையும் இல்லாமல் தானாகவே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். ஆனாலும் ஒரு பிரதிநிதியை வைத்துக்கொள்வது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. கடந்த சில ஆண்டுகளில் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் சேவை அலுவலர், நாடு தழுவிய ஒரு படைவீரர் சங்கம், அதன் பிறகு ஒரு வழக்கறிஞர் என மூன்று தரப்பினரிடமும் என் கோரிக்கைகளை ஒப்படைத்துப் பார்த்துவிட்டேன். அலுவலகத்தின் பெயரும் அவர்கள் வாங்கும் கட்டணமும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. நமக்காகப் பேச வருகிறவர், நம் மருத்துவக் குறிப்புகளும் துறையின் முடிவுகளும் அடங்கிய கோப்பினை முழுமையாகப் படித்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தே என் கோரிக்கைகளின் முடிவு ஒவ்வொரு முறையும் அமைந்தது.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறனுக்காகவும் மருத்துவத் திறனுக்காகவும் படையில் சேர்த்துக்கொண்ட மேவ்னி திட்டம் 2009-ல் நடைமுறைக்கு வந்தபோது, ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் புதிய சேர்க்கை நிறுத்தப்படும் வரை அந்த வழியாகச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். எங்களுடைய பெற்றோரோ மாமா சித்தப்பாக்களோ இந்த நாட்டின் படையில் இருந்தவர்கள் அல்லர் என்பதால், ஓய்வுக்குப் பின் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை.

சட்டப்படி பிரதிநிதியாக இருக்கத் தகுதி பெற்றவர்கள் மூன்று வகையினர். அமெரிக்கன் லீஜியன், டிஏவி, விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் வழியாகவும், டெக்சாஸ் படைவீரர் ஆணையம் போன்ற மாநில அமைப்புகளின் வழியாகவும் அங்கீகாரம் பெற்றவர்கள் முதல் வகை. இவர்கள் எந்தக் கட்டத்திலும் நம்மிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கவுண்டி சேவை அலுவலர்களில் பெரும்பாலோர் இந்த வகையில் அடங்குவர். தேர்வு எழுதி அங்கீகாரம் பெற்ற தனி முகவர்கள் இரண்டாம் வகை, வழக்கறிஞர்கள் மூன்றாம் வகை. சங்கத்தை நியமிக்க 21-22 என்ற படிவமும், தனி முகவரையோ வழக்கறிஞரையோ நியமிக்க 21-22ஏ என்ற படிவமும் பயன்படுகின்றன. ஒரு கோரிக்கைக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிரதிநிதி. புதிய படிவம் துறைக்குப் போய்ச் சேர்ந்தால் பழைய நியமனம் நீங்கிவிடும். ஒருவருக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைத் துறையின் தலைமைச் சட்ட அலுவலகம் இணையத்தில் வைத்திருக்கும் தேடல் பக்கத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் பெயரைத் தேடிப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் முதல் கோரிக்கையை 2017-ல் கவுண்டி சேவை அலுவலரிடம் கொண்டுபோனேன். அவரும் முன்னாள் படைவீரர், வயதில் மூத்தவர். முதலில் அவர் செய்தது, கோரிக்கை தாக்கல் செய்யும் எண்ணத்தைத் தெரிவிக்கும் 21-0966 படிவத்தை அன்றே அனுப்பியதுதான். அந்த ஒற்றைத் தாளின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. அதை அனுப்பி ஓராண்டுக்குள் முழுக் கோரிக்கையைத் தாக்கல் செய்துவிட்டால், இழப்பீடு அந்தத் தாள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வாய்ப்பு உண்டு. சான்றுகளைச் சேகரிக்க நமக்கு நேரமும் கிடைக்கிறது, பணமும் கை நழுவிப் போவதில்லை.

பிறகு அவர் நியமனப் படிவத்தை என் முன்னால் வைத்து, கையெழுத்துக்கு மேலே இருந்த இரண்டு கட்டங்களைக் காட்டி விளக்கினார். போதைப் பழக்கம், மதுப் பழக்கம், எச்.ஐ.வி., அரிவாள் செல் சோகை ஆகியவை தொடர்பான மருத்துவக் குறிப்புகளைப் பிரதிநிதி பார்க்கலாமா என்பது ஒன்று; நம் முகவரியை அவர் நம் சார்பில் மாற்றலாமா என்பது மற்றொன்று. இரண்டும் நம் விருப்பத்துக்கு உட்பட்டவை. பிற்பாடு நான் சந்தித்த வேறு எவரும் இந்தக் கட்டங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிரப்பிய படிவத்தை நீட்டிக் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். நல்ல பிரதிநிதியை இந்த இடத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

துறை ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனைக்கும் அவர் என்னைத் தயார்ப்படுத்தினார். பொய் சொல்லவோ கூட்டிச் சொல்லவோ அவர் கற்றுத்தரவில்லை. வலியை வெளியே காட்டிக்கொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதையே நல்ல குணமாகச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ராணுவமும் அதையே மேலும் அழுத்திச் சொல்லித்தந்தது. மருத்துவரிடம் போய் நின்றதும் நல்ல நாளில் எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மோசமான நாள் எப்படி இருக்கும், மாடிப்படியில் எந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, அந்த நாளில் எந்த வேலையைக் கைவிடுகிறோம் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். மாத இழப்பீட்டைத் தீர்மானிக்கும் பாதிப்பு மதிப்பீடாக, இரண்டு முழங்கால்களுக்கும் தலா பத்து சதவீதம், காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்குப் பத்து சதவீதம் கிடைத்தன. ஆப்கானிஸ்தானில் இருந்த காலத்தில் தொடங்கிய சைனஸ் அழற்சிக்கான கோரிக்கை மட்டும், பணியோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்று தள்ளுபடியானது.

வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த பின், நாடு தழுவிய ஒரு சங்கத்தைப் பிரதிநிதியாக நியமித்தேன். அவர்களிடம் எனக்குக் கிடைத்த நன்மையை முதலில் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்ட் 10 அன்று பேக்ட் சட்டம் கையெழுத்தானது. ஆப்கானிஸ்தான், ஈராக் உள்ளிட்ட இடங்களில் திறந்தவெளிக் குழிகளில் குப்பை எரித்த புகைக்கு ஆளானவர்களுக்கு நாள்பட்ட சைனஸ் அழற்சி உட்படப் பல நோய்கள் பணியால் வந்தவையாகவே கருதப்படும் என்று அது சொல்கிறது. சங்கத்தின் அலுவலர் தாமாகவே என்னைத் தொலைபேசியில் அழைத்து, முன்பு தள்ளுபடியான கோரிக்கையைத் துணைக் கோரிக்கையாக மீண்டும் தாக்கல் செய்யச் சொன்னார், அது ஏற்கப்பட்டது. இப்படிச் சட்டமே தொடர்பை ஊகித்துக்கொள்ளும் நோய்களுக்குச் சங்கங்களின் இலவச உதவியே போதுமானது. அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

முழங்கால் விஷயத்தில் நிலைமை வேறாக இருந்தது. வலி கூடிவிட்டதால் மதிப்பீட்டை உயர்த்தும்படி அதே சங்கத்தின் வழியாகக் கேட்டேன். புதிய பரிசோதனை நடந்தது. பத்து சதவீதமே தொடரும் என்று முடிவு வந்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டபோது, என் கோரிக்கையைப் பொறுப்பில் வைத்திருந்தவர் துணைக் கோரிக்கை போடலாம் என்றார். துணைக் கோரிக்கைக்குப் புதிய, தொடர்புள்ள சான்று வேண்டும். என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. பரிசோதனை அறிக்கையில் மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். அதை அவர் இன்னும் திறந்தே பார்க்கவில்லை. ஒருவர் தலையில் எத்தனையோ கோரிக்கைகளைச் சுமத்தினால் இப்படித்தான் நடக்கும் என்பதை நான் உணர்கிறேன். ஆனால் முடிவை எதிர்த்துக் கேட்க, அது வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஓராண்டுக் கெடு யாருக்காகவும் நிற்காது. அது தவறினால் இழப்பீடு கணக்கிடப்படும் பழைய தேதி போய்விடும்.

அந்த நாட்களில்தான் ஒரு தனியார் நிறுவனம் என்னை விடாமல் தொலைபேசியில் அழைத்தது. மதிப்பீட்டை உயர்த்தித் தருவதாகவும், மாதத் தொகை எவ்வளவு கூடுகிறதோ அதைப்போல ஐந்து மடங்கைத் தங்களுக்குத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். மாதம் 500 டாலர் கூடினால் 2,500 டாலர். துறையின் இணையதளத்தில் என் கணக்குக்கான கடவுச்சொல்லையும் கேட்டார்கள். அங்கீகாரத் தேடல் பக்கத்தில் அவர்கள் பெயர் இல்லை. கேட்டதற்கு, தாங்கள் பிரதிநிதி அல்லர், ஆலோசனை மட்டுமே தருகிறோம் என்று பதில் வந்தது. அங்கீகாரம் இல்லாமல் கோரிக்கை தயாரித்துத் தருவதைக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனால் மீறுவோருக்கான குற்றவியல் தண்டனை 2006-ல் நீக்கப்பட்டுவிட்டதால் இந்தத் தொழில் கொழிக்கிறது. இவர்களை இங்கே கிளைம் சுறாக்கள் என்று சொல்வது வழக்கம். இலவசமாகக் கிடைக்கும் உதவியைக் காயம்பட்டவரிடமே இப்படி விலைக்கு விற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

வழக்கறிஞர் கட்டணத்தைப் பற்றிப் பலருக்கும் தேவையில்லாத பயம் இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1864 முதல் ஒரு கோரிக்கைக்குப் பத்து டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 1985-ல் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. பத்து டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? 1988-ல் வந்த சட்டம் நிலைமையை மாற்றத் தொடங்கியது. 2019 பிப்ரவரி 19 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, துறையின் முதல் முடிவு வந்த பின்னரே வழக்கறிஞரோ முகவரோ கட்டணம் வாங்கலாம். முதல் கோரிக்கைக்கு ஒரு காசும் வாங்கக் கூடாது. பழைய தேதியிலிருந்து கணக்கிட்டு மொத்தமாக வரும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்றும் விதி கருதுகிறது. 20 சதவீதத்துக்குள் ஒப்பந்தம் இருந்தால் துறையே நிலுவையிலிருந்து பிடித்து வழக்கறிஞருக்கு அனுப்பிவிடும். நிலுவை 10,000 டாலர் என்றால் அவருக்கு 2,000. இனி மாதந்தோறும் வரும் தொகையில் அவருக்குப் பங்கில்லை.

நான் நியமித்த வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் என் கோப்பினைக் கேட்டு வாங்கினார். அடுத்த முறை பேசியபோது பரிசோதனை அறிக்கையின் ஒரு குறிப்பிட்ட வரியைப் படித்துக் காட்டினார். வலி திடீரென்று கூடும் வேளைகளில் முழங்கால் எந்த அளவுக்கு மடங்கும் என்ற கேள்விக்கு, பரிசோதனையின்போது அப்படி நேரவில்லை, ஆகவே கணிக்க இயலாது என்று மருத்துவர் எழுதியிருந்தார். நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கணிக்க முயல வேண்டும், நேரில் பார்க்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது என்று படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் ஷார்ப் வழக்கில் சொல்லியிருக்கிறது. முழங்கால் 45 பாகை வரைதான் மடங்கினால் பத்து சதவீதம், 30 பாகையோடு நின்றுவிட்டால் இருபது என்பது மதிப்பீட்டு அட்டவணை. அதாவது, என்னிடம் கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியில்தான் என் மதிப்பீடு அடங்கியிருந்தது.

அவர் துணைக் கோரிக்கையை விட்டுவிட்டு உயர்நிலை மறு ஆய்வைத் தேர்ந்தெடுத்தார். அதில் புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது. இருக்கும் கோப்பில் நடந்த பிழையைச் சுட்டலாம். மறு ஆய்வாளருடன் தொலைபேசியில் ஒருமுறை பேசவும் வாய்ப்பு உண்டு. அந்த உரையாடலில் நானும் இருந்தேன். வழக்கறிஞர் குரலை உயர்த்தவில்லை, என் தியாகத்தைப் பற்றியும் பேசவில்லை. பக்கத்தைச் சொன்னார், வரியைச் சொன்னார், வழக்கின் பெயரைச் சொன்னார். பரிசோதனை போதுமானதாக இல்லை என்று ஏற்கப்பட்டு, புதிய பரிசோதனைக்கு உத்தரவாயிற்று. இந்த முறை மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தேதியிட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பார்த்துப் பதில் சொன்னேன். இரண்டு முழங்கால்களும் இருபது சதவீதத்துக்கு உயர்ந்தன. ஓராண்டுக் கெடுவுக்குள் தொடர்ந்ததால் பழைய தேதியும் காப்பாற்றப்பட்டது.

இப்போது நண்பர்கள் யாரை வைத்துக்கொள்வது என்று கேட்டால், முதல் கோரிக்கைக்கும் பேக்ட் சட்ட நோய்களுக்கும் கவுண்டி அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ போகச் சொல்கிறேன். சாதகமில்லாத முடிவு வந்து, பிழை சான்றின் பற்றாக்குறையிலா அல்லது துறை சட்டத்தைக் கையாண்ட விதத்திலா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டத்தில் வழக்கறிஞரை அணுகலாம். எங்கே போனாலும், துறையின் மின்னணுக் கோப்பினை அவரால் நேரடியாகத் திறந்து பார்க்க முடியுமா, என் வேலையை அவரே பார்ப்பாரா அல்லது வேறொருவர் பார்ப்பாரா, கெடு தேதியை யார் கவனிப்பது என்று கேளுங்கள். வழக்கறிஞராக இருந்தால், மருத்துவக் கருத்துக்கும் நகல்களுக்கும் ஆகும் செலவு கட்டணத்தில் அடங்குமா என்பதையும், இடையில் விலக்கினால் அதுவரை செய்த வேலைக்கு அவர் பங்கு கேட்க முடியும் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் அலுவலகத்தில் தமக்கு ஆள் தெரியும் என்று ஒருவர் சொன்னால் அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோரிக்கைகள் நாடு முழுவதும் உள்ள அலுவலகங்களுக்கு மின்னணு முறையில் பகிர்ந்தளிக்கப்படுகின்றன, உங்களுடையதை வேறொரு மாநிலத்தில் இருப்பவர் தீர்மானிக்கலாம்.

முழங்கால் விவகாரம் முடிந்ததும் வழக்கறிஞருக்கு நன்றி சொல்லி, நான் இப்போது வசிக்கும் கவுண்டியின் சேவை அலுவலரைப் புதிய 21-22 படிவத்தின் மூலம் நியமித்துக்கொண்டேன். முழங்கால்களின் கோளாறு இப்போது இடுப்பையும் பாதிக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். அது முழங்காலின் தொடர் விளைவு என்ற புதிய கோரிக்கையாகப் போகும். இடுப்புக்கு இதுவே முதல் கோரிக்கை என்பதால் அதற்குக் கட்டணம் இல்லை. எண்ணத்தைத் தெரிவிக்கும் படிவம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது; புதிய அலுவலர் என் கோப்பினைப் படித்துக்கொண்டிருக்கிறார்.